நோயைத் துரத்திய பாலர் பள்ளி

மார்க்கரெட் மெக்மில்லன் வாழ்க்கை வரலாறு

காலையில் குழந்தையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, தாய் வேலைக்குப் போகிறாள். மாலையில்தான் திரும்பி வருவாள். இடையில் எட்டு மணி நேரம்!

அந்த நேரத்தில் குழந்தைக்கு உடம்பு கொதித்தால் அதை முதலில் பார்ப்பவர் யார்?

டாக்டர் அல்ல. தாயும் அல்ல. பாலர் பள்ளி ஆசிரியைதான்.

ஆகவே, பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுப்பதோடு அவளுடைய வேலை முடிந்துவிடாது. நோயின் முதல் அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் கண்ணும் அவளுக்கு வேண்டும்.

இன்று எல்லோரும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன் இது புதுமையான பேச்சு. நோயைப் பார்ப்பது ஆஸ்பத்திரியின் வேலை, பாடம் சொல்வது பள்ளியின் வேலை என்று இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சுவரை இடித்தவர்களில் முதன்மையானவர் ஒரு பெண்மணி. அவர் டாக்டர் அல்ல. பட்டம் பெற்ற நர்சும் அல்ல. அவர் பெயர் மார்க்கரெட் மெக்மில்லன்.

காய்ச்சல் செய்த கொடுமை

மார்க்கரெட்டின் பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டுக்காரர்கள். பிழைப்புக்காக அமெரிக்காவில் குடியேறியவர்கள். அங்கே, நியூயார்க் பகுதியில், 1860-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி மார்க்கரெட் பிறந்தார். அவருக்கு ரேச்சல் என்று ஓர் அக்காள். எலிசபெத் என்று ஒரு தங்கை.

1865-ம் ஆண்டில் அந்த வட்டாரத்தில் ஒரு கொள்ளை நோய் பரவியது. அதற்கு ஸ்கார்லட் காய்ச்சல் என்று பெயர்.

தொண்டை புண்ணாகும். உடம்பு கொதிக்கும். தோல் முழுவதும் சிவந்து, உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகும். நாக்கு செக்கச் செவேல் என்று ஆகிவிடும். இன்று இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. அன்று எந்த மருந்தும் கிடையாது.

அந்தக் கொள்ளை நோய்க் காலத்தில் தகப்பனார் ஜேம்ஸ் இறந்து போனார். கடைக்குட்டி எலிசபெத்தும் இறந்து போனாள்.

மார்க்கரெட்டையும் காய்ச்சல் பிடித்தது. உயிர் தப்பியது, ஆனால் காது போய்விட்டது. ஐந்து வயதுக் குழந்தை செவிடாகிவிட்டாள்.

கணவனை இழந்த தாய் ஜீன், எஞ்சிய இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறினார். இன்வெர்னஸ் என்னும் ஊரில் தம் பெற்றோர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார்.

அங்கேதான் மார்க்கரெட் வளர்ந்தார், படித்தார். சுமார் பதினான்கு வயதில், போன காது திரும்பக் கேட்க ஆரம்பித்தது. போன தங்கை திரும்பவில்லை.

சீமாட்டியின் வீடு

1877-ல் தாயும் இறந்தார். அக்காள் ரேச்சல் பாட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கினார். மார்க்கரெட், பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் பயிற்சி பெற்றார். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய் இசையும் மொழிகளும் கற்றார்.

பாட்டி காலமான பின், 1888-ல் அக்காளும் தங்கையும் லண்டன் நகரில் ஒன்று சேர்ந்தார்கள்.

லண்டனில் ஒரு பக்கம் மாளிகைகள். மறு பக்கம் வெளிச்சமே நுழையாத குடிசைப் பகுதிகள். 1889-ல் துறைமுகத் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். சகோதரிகள் இருவரும் தொழிலாளர் பக்கம் நின்று உதவினார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு பணக்காரச் சீமாட்டிக்குத் துணையாக இருக்கும் வேலை மார்க்கரெட்டுக்குக் கிடைத்தது. அவரை நாடக நடிகையாக்கிப் பார்க்க வேண்டும் என்பது சீமாட்டியின் ஆசை. குரல் பயிற்சிக்குப் பணமும் கொடுத்தார்.

மார்க்கரெட் குரலை நன்றாகத்தான் பழக்கிக்கொண்டார். ஆனால் அந்தக் குரல் நாடக மேடையில் ஒலிக்கவில்லை. 1892-ம் ஆண்டு மே தினத்தன்று ஹைட் பூங்காவில் தொழிலாளர் கூட்டத்தில் ஒலித்தது!

சீமாட்டிக்கு இது பிடிக்கவில்லை. அத்துடன் அந்த வாழ்வு முடிந்தது.

கம்பளி நகரம்

சகோதரிகள் வடக்கே பிராட்போர்டு நகருக்குப் போனார்கள். அது கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். எங்கு பார்த்தாலும் புகை போக்கிகள். பெண்களும் ஆலைக்குப் போவார்கள். சிறுவர்கள் அரை நாள் ஆலையில், அரை நாள் பள்ளியில்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணாமலே இறந்தன. தப்பிப் பிழைத்த குழந்தைகளைத் தட்டம்மை, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ஸ்கார்லட் காய்ச்சல் ஆகியவை காத்திருந்து பிடித்தன.

1894-ல் பிராட்போர்டு பள்ளிக் கூட்டங்களை நிர்வகிக்கும் போர்டுக்குத் தேர்தல் நடந்தது. அப்போது பெண்களுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டுரிமை கூடக் கிடையாது. ஆனால் பள்ளி போர்டில் பெண்கள் அங்கம் வகிக்கலாம். மார்க்கரெட் போட்டியிட்டார், வெற்றி பெற்றார்.

மற்ற அங்கத்தினர்கள் கணக்கு வழக்குகளைப் பார்த்தார்கள். மார்க்கரெட் பள்ளிகளுக்குள் நுழைந்து பிள்ளைகளைப் பார்த்தார்.

தைத்த சட்டை

அவர் கண்ட காட்சி இதுதான்.

சில பிள்ளைகள் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். பார்ப்பவர்கள் மந்த புத்தி என்று நினைப்பார்கள். உண்மையில், மூக்கின் பின்புறம் சதை வளர்ந்து மூச்சை அடைத்திருந்தது.

சில பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்ல. காதில் சீழ் வைத்திருந்தது.

குளிர் காலம் வந்ததும் சில தாய்மார்கள் பிள்ளையின் சட்டையை உடம்போடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். வெயில் காலம் வரும்வரை அந்தத் துணி கழலாது. மாதக் கணக்கில் குளிப்பும் இல்லை. உள்ளே சிரங்கும் பேனும்!

காது கேளாத பிள்ளை வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று மார்க்கரெட்டுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது ஆண்டுகள் அவரே அப்படி உட்கார்ந்திருந்தவர்.

நோயாளிப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் என்று அவர் கண்டார்.

பள்ளிக்கு வந்த டாக்டர்

பிராட்போர்டு பள்ளி போர்டில் ஜேம்ஸ் கெர் என்ற டாக்டர் இருந்தார். மார்க்கரெட்டும் அவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கண், காது, தொண்டை, பல், தோல் எல்லாவற்றையும் சோதித்தார்கள். இங்கிலாந்தில் நடந்த முதல் பள்ளி மருத்துவ சோதனைகளில் இதுவும் ஒன்று.

1890-களின் இறுதியில், ஒரு பள்ளியில் குளியல் அறை கட்டுவதற்கு போர்டைச் சம்மதிக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் குளிக்கும் தொட்டியா என்று பலர் சிரித்தார்கள். குளித்துச் சுத்தமான பிள்ளைகளைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கியது.

1902-ல் ஒரு புதிய சட்டம் வந்தது. பள்ளி போர்டுகள் எல்லாம் கலைக்கப்பட்டன. அவற்றின் வேலை நகரசபைகளுக்கும் கவுண்டி சபைகளுக்கும் போயிற்று. அந்தச் சபைகளுக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க அப்போது சட்டம் இடம் தரவில்லை. மார்க்கரெட்டின் பதவி பறிபோயிற்று.

அவர் ஓய்ந்து உட்காரவில்லை. லண்டனுக்குத் திரும்பினார். அக்காள் ரேச்சல் சுகாதார இன்ஸ்பெக்டர் பயிற்சி பெற்று, கென்ட் வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று சுகாதாரம் கற்பித்து வந்தார். தங்கை பேசினார், எழுதினார், மந்திரிகளைச் சந்தித்தார். அக்காள் தம் சம்பளத்திலிருந்து கை கொடுத்தார்.

இதற்கிடையே போயர் யுத்தம் அரசாங்கத்தின் கண்ணைத் திறந்திருந்தது. பட்டாளத்தில் சேர வந்த ஏராளமான வாலிபர்கள் உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிறு வயதில் கவனிக்காத உடம்பு, இருபது வயதில் எப்படித் தேறும்?

1906-ல் பள்ளிகளில் உணவு கொடுக்க வழி செய்யும் சட்டம் நிறைவேறியது. 1907-ல் பள்ளிகளில் மருத்துவ சோதனை கட்டாயம் என்று சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களுக்காகப் பாடுபட்டவர்களில் மெக்மில்லன் சகோதரிகளும் உண்டு.

சோப்பு முதலாளியின் பணம்

சட்டம் வந்தது. டாக்டர் பள்ளிக்கு வந்தார். பிள்ளைக்குக் காதில் சீழ் என்று எழுதினார். போய்விட்டார்.

பிறகு?

பிறகு ஒன்றும் இல்லை! சோதனைக்குத்தான் சட்டம் இருந்தது. வைத்தியத்துக்கு ஏற்பாடு இல்லை. ஏழைத் தாய் வைத்தியச் செலவுக்கு எங்கே போவாள்?

நோயைக் கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருப்பது அதைக் கண்டுபிடிக்காததை விடக் கொடுமை என்று மார்க்கரெட் கருதினார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஜோசப் பெல்ஸ் என்ற அமெரிக்கர் சோப்பு வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். தாராள மனம் படைத்தவர். அவர் பண உதவி செய்தார். 1908-ல் லண்டனின் கிழக்குப் பகுதியான போவில் சிறிய பள்ளி வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1910-ல் அது டெட்போர்டு பகுதிக்கு மாறியது.

டெட்போர்டு தேம்ஸ் நதிக் கரையில் உள்ள ஏழைப் பேட்டை. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் குடியிருக்கும். அங்கே டாக்டர் ஈடர் என்பவர் பிள்ளைகளைக் கவனித்தார். பல் வைத்தியமும் நடந்தது. சரியாக மூச்சு விடவும் நிமிர்ந்து நிற்கவும் கூடப் பயிற்சி கொடுக்கப்பட்டது.

மறுபடியும் அதே நோய்

வைத்தியசாலையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால் மார்க்கரெட் ஒன்றைக் கவனித்தார்.

சிரங்கு ஆறிப் போன பிள்ளை, சில வாரங்களில் அதே சிரங்கோடு திரும்பி வந்தது. கண் நோய் குணமான பிள்ளை மீண்டும் கண் வீங்கி வந்தது. மருந்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை திரும்பிப் போன வீடு அதே இருட்டு வீடு. அதே அழுக்குப் படுக்கை. அதே அரை வயிற்றுச் சாப்பாடு.

இதைத் தடுக்க, 1911-ல் வைத்தியசாலை வீட்டின் பின்புறத் தோட்டத்தில் சிறுமிகளுக்கு ஓர் இரவு முகாம் ஆரம்பித்தார். சிறுமிகள் மாலையில் வருவார்கள். வெந்நீரில் குளிப்பார்கள். சுத்தமான உடை அணிந்து, திறந்த வெளியில் கூடாரத்தின் கீழ் கட்டிலில் உறங்குவார்கள். காலையில் பள்ளிக்குப் போவார்கள்.

அவர்கள் கன்னம் சிவந்தது. இருமல் குறைந்தது.

அப்போது அவருக்கு இன்னொரு உண்மை புலப்பட்டது. ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் நோய் ஏற்கெனவே குடிபுகுந்து விடுகிறது. பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தை, இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில்தான் கெட்டுப் போகிறது. அந்த வயதில் அதைப் பார்ப்பார் யாரும் இல்லை. தாய் வேலைக்குப் போகிறாள். குழந்தை தெருவில் கிடக்கிறது.

வேலி போட வேண்டிய இடம் அதுதான்!

தோட்டமே பள்ளி

1914-ல் மெக்மில்லன் சகோதரிகள் திறந்தவெளிப் பாலர் பள்ளியைத் தொடங்கினார்கள். சில வாரங்களில் முப்பது குழந்தைகள் சேர்ந்தன. பிறகு லண்டன் கவுண்டி சபை, சும்மா கிடந்த ஒரு மனையைக் கொடுத்தது. குப்பையும் கல்லும் நிறைந்த இடம் அது. அதைத் திருத்திப் பூஞ்செடியும் கீரையும் காய்கறியும் பயிரிட்டார்கள்.

நான்கு சுவர் வைத்த கட்டடம் அங்கே இல்லை. ஒரு பக்கம் திறந்த கொட்டகைகள்தான். வெயிலும் காற்றும் தாராளமாக வரும்.

காலையில் குழந்தைகள் வருவார்கள். முதலில் பாட்டு அல்ல, பாடம் அல்ல, குளியல்தான்! தண்ணீர் ஊற்றும்போதே ஆசிரியையின் கண் குழந்தையின் மேல் ஓடும். தலையில் பேன் உண்டா? தோலில் தடிப்பு உண்டா? கண் சிவந்திருக்கிறதா? மூக்கு ஒழுகுகிறதா? நேற்றுத் துள்ளியவன் இன்று ஏன் துவண்டு நிற்கிறான்?

குளித்தபின் சுத்தமான மேலாடை. பிறகு கஞ்சியும் பாலும். அதன்பின் தோட்டத்தில் விளையாட்டு. மத்தியானம் சூடான சாப்பாடு. சாப்பிட்டதும் சிறு கட்டில்களில் திறந்த காற்றில் தூக்கம். மாலைச் சிற்றுண்டிக்குப் பிறகுதான் வீடு.

ஒரு குழந்தை கஞ்சியை ஒதுக்கி வைத்தாலும், தூங்கும்போது அதன் மூச்சு வேகமாக ஓடினாலும், அங்கே அது யார் கண்ணுக்கும் தப்பாது. மாதம் ஒரு முறை வரும் டாக்டருக்கு இது தெரியாது. தினந்தோறும் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அம்மை நுழைந்தது, பரவவில்லை

அக்காலத்தில் தட்டம்மை சாதாரண நோய் அல்ல. 1911-ம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 13,000 பேருக்கு மேல் அதற்குப் பலியானார்கள். பெரும்பாலும் குழந்தைகள். ஒரு குழந்தைக்கு வந்தால் கூட இருக்கும் குழந்தைகளுக்கெல்லாம் வந்துவிடும்.

மெக்மில்லன் பாலர் பள்ளியிலும் தொடக்க மாதங்களிலேயே அம்மை எட்டிப் பார்த்தது. ஆனால் சகோதரிகள் எடுத்த முன்ஜாக்கிரதை நடவடிக்கைகளால் அது பரவவில்லை. அந்தப் பகுதி மக்கள் வியந்தார்கள்.

இதன் அருமையை அறிய வேண்டுமானால் அம்மையின் தந்திரத்தை அறிய வேண்டும். உடம்பில் தடிப்பு தோன்றிய பிறகுதான் அம்மை என்று பலர் நினைக்கிறார்கள். தடிப்பு தோன்றுவதற்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே அது மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கி விடுகிறது. அப்போது வெறும் ஜலதோஷம் போலத்தான் இருக்கும். மூக்கு ஒழுகும். கண் சிவந்து வெளிச்சம் கூசும். வறட்டு இருமல் இருக்கும். காய்ச்சல் ஏறும். கன்னத்தின் உட்புறம் உப்புக்கல் போன்ற சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் காப்லிக் என்பவர் 1896-ல் இந்தப் புள்ளிகளின் முக்கியத்துவத்தை விளக்கி எழுதினார்.

இந்த நிலையிலேயே குழந்தையைத் தனியே வைத்தால் பல குழந்தைகளைக் காப்பாற்றலாம். தடிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

வளைந்த கால்கள் நிமிர்ந்தன

டெட்போர்டு குழந்தைகளில் ஏராளமானோருக்கு ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் இருந்தது. எலும்பு மிருதுவாகி, நிற்கும்போது கால்கள் வில் போல வளைந்துவிடும். நெஞ்சுக் கூடும் குறுகும். அப்படிப்பட்ட குழந்தைக்கு இருமல் வந்தால் தாங்காது.

திறந்தவெளியில் வெயில் பட்டு, பாலும் கஞ்சியும் சாப்பிட்ட குழந்தைகளிடம் இந்த நோய் பின்வாங்கியது. ஏன் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது, அதுதான் எலும்புக்கு உறுதி தருகிறது என்ற உண்மையை 1919-க்குப் பிறகுதான் விஞ்ஞானிகள் படிப்படியாகக் கண்டுபிடித்தார்கள். விஞ்ஞானிகளுக்கு முன்பே குழந்தையின் கால் அந்த ஆசிரியைகளுக்குச் சொல்லிவிட்டது!

அக்காள் மறைந்தார்

பள்ளி தொடங்கிய ஆண்டிலேயே முதல் உலக யுத்தம் மூண்டது. தாய்மார்கள் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, அரசாங்கம் பள்ளிக்கு ஒரு சிறு தொகை கொடுத்தது. லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. பள்ளியும் சேதம் அடைந்தது.

கவலையும் உழைப்பும் சேர்ந்து ரேச்சலைப் படுக்கையில் தள்ளின. 1917-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி அவர் காலமானார். அன்று அவருக்குப் பிறந்த நாள். வயது 58.

தகப்பனாரையும் தங்கையையும் இழந்த நாள் முதல் பக்கத்தில் நின்ற ஒரே துணை போய்விட்டது. மார்க்கரெட் பள்ளிக்கு அக்காளின் பெயரைச் சூட்டினார். ரேச்சல் மெக்மில்லன் பாலர் பள்ளி என்று அது புகழ் பெற்றது.

1918-ல் வந்த கல்விச் சட்டம், இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி நடத்த ஊராட்சி அமைப்புகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் யுத்தத்துக்குப் பிறகு பணமுடை. சிக்கனம் என்ற பெயரில் பல ஊர்கள் கையை விரித்தன. மார்க்கரெட் சளைக்கவில்லை. 1919-ல் பாலர் பள்ளி பற்றி ஒரு நூல் எழுதினார். 1923-ல் பாலர் பள்ளிச் சங்கம் தோன்றியபோது அவரே முதல் தலைவர்.

கண்ணுக்குப் பயிற்சி

சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் படிப்பு எதற்கு, யாராவது ஒரு பெண் போதாதா என்று பலர் கேட்டார்கள்.

போதாது என்றார் மார்க்கரெட். பெரிய பிள்ளைக்குத் தலை வலித்தால் வாய் திறந்து சொல்லும். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அழும், அல்லது அழக்கூடத் தெம்பு இல்லாமல் கிடக்கும். அதன் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள்தான் ஆசிரியை. ஆகவே சின்னக் குழந்தைக்குத்தான் நன்றாகப் படித்த ஆசிரியை வேண்டும் என்பது அவர் வாதம்.

இதற்காக மூன்று ஆண்டுப் பயிற்சி கொடுக்கும் கல்லூரி ஒன்றைக் கட்ட அலைந்து திரிந்து பணம் சேர்த்தார். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் உட்கார்ந்த முதல் பெண்மணியான ஆஸ்டர் சீமாட்டி துணை நின்றார். ரேச்சல் மெக்மில்லன் பயிற்சிக் கல்லூரியை 1930-ம் ஆண்டு மே 8-ந் தேதி மேரி ராணி திறந்து வைத்தார்.

மார்க்கரெட்டுக்கு அப்போது எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியை முழுதாகக் கண்ட மகிழ்ச்சியோடு ஓர் ஆண்டு கூட வாழவில்லை. 1931-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் கண்ணை மூடினார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. அவர் தொடங்கிய பள்ளி 2014-ல் நூற்றாண்டு கண்டது.

இன்றும் அதே கண் வேண்டும்

மார்க்கரெட் காலத்தில் இல்லாத பல வசதிகள் இன்று உண்டு. ஸ்கார்லட் காய்ச்சலுக்குப் பெனிசிலின் இருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி 1963-ல் வந்தது. கக்குவான் இருமலுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி உண்டு.

ஆனால் மருந்து தானாக நடந்து குழந்தையிடம் வராது. யாராவது ஒருவர் குழந்தையின் நிலையைக் கண்டு, ஆபத்து என்று உணர்ந்து, நேரத்தோடு டாக்டரிடம் சேர்க்க வேண்டும். ஆகவே தாய்மாரும் பாலர் பள்ளி ஆசிரியைகளும் கீழ்க்கண்ட அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது:

குழந்தை பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் இருத்தல், அல்லது குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தல்.

கை கால் இழுத்து வலிப்பு வருதல்.

எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடத்தல்.

மூச்சு வேகமாக ஓடுதல். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்பின் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பூத்தாலும் மிகுந்த ஆபத்து.

உடம்பில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் தோன்றுதல். ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளி மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் புள்ளி மறையாமல் தெரிந்தால், மூளைச் சவ்வைத் தாக்கும் நோயாகவோ, ரத்தத்தில் கிருமி பரவியதாகவோ இருக்கலாம். புள்ளியே இல்லாவிட்டாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் ஆபத்துதான்.

வயிற்றுப்போக்கின்போது கண் குழி விழுதல், பல மணி நேரம் சிறுநீர் போகாதிருத்தல்.

இவற்றில் ஒன்று கண்டாலும் மாலை வரை காத்திருக்கக் கூடாது. தாய்க்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். எந்த நேரத்தில் என்ன கண்டோம் என்று குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி.

வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. காய்ச்சல் கண்ட குழந்தையைக் கம்பளியால் மூடக் கூடாது. டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது.

ஆபத்து அடையாளம் இல்லாத சாதாரணக் காய்ச்சலானாலும், குழந்தையை மற்றக் குழந்தைகளிடமிருந்து தள்ளி, ஆனால் தனிமையில் விடாமல், ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்க்கும் ஒரு கடமை உண்டு. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தது, சாப்பிடவில்லை என்றால் காலையில் அதை மறைக்காமல் ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மறைத்தால், பாதிக்கப்படுவது ஒரு குழந்தை மட்டும் அல்ல.

பாலர் பள்ளியில் சேர்க்கப் போகும் தாய், அங்கே என்ன பாட்டு சொல்லித் தருவார்கள் என்று கேட்கிறாள். நல்ல கேள்விதான். அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: என் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அதை யார் பார்ப்பார்கள், பார்த்தவுடன் என்ன செய்வார்கள்?